மேற்கே போய்விட்டார்கள்

மகள் படிக்கும் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில் பிள்ளைகளுக்காக ஒரு கதைப் புத்தகம் போடப்போகிறோம் என்று ரீச்சர் சொன்னபோது, நான் எழுதுகிறேன் என்று எப்படிச் சொன்னேன் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. அதற்கு முன் நான் எழுதியதெல்லாம் விசா விண்ணப்பங்களும், வேலைக்கு வரமுடியாது என்ற கடிதங்களும்தான்.

ரீச்சர் யாழ்ப்பாணத்தில் இருபது வருடம் படிப்பித்தவர். இங்கே சம்பளம் இல்லாமல் படிப்பிக்கிறார். “எங்கட ஊர்க் கதையள் இதுகளுக்கு விளங்குதில்லை” என்றார். “வயல் எண்டா என்ன, கிணத்துத் துலா எண்டா என்ன எண்டு ஒவ்வொண்டாய்ச் சொல்லிமுடிய மணி அடிச்சுப்போடும். இந்த நாட்டுப் பழைய காலத்துக் கதை ஒண்டு தமிழில இருந்தா நல்லம். காடு, ஆறு, தனிச்சுப்போன ஒரு பிள்ளை, அப்பிடி ஏதும்.”

“பாப்பம் ரீச்சர்” என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “நான் எழுதித் தாறன்” என்று வந்துவிட்டது.

அந்த மாதம் மகளின் ஆங்கிலப் பள்ளியிலும் அப்படி ஒரு நாவலைத்தான் படித்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக்காரர்கள் குடியேற வந்த காலம், காட்டோரத்தில் ஒரு குடிசை, பக்கத்தில் பூர்வகுடிப் பிள்ளை ஒருவனுடன் வரும் நட்பு. அவளுக்கு உதவி செய்யவேண்டும் என்று நானும் அதை வாங்கிப் படித்தேன். வீட்டுக்குக் கிட்ட மெரிலேண்ட்ஸில் ஏறி, கிரான்விலில் ரயில் மாறி லிட்கமுக்கு வேலைக்குப் போகிற நான், ஒரு நாள் மாறுவதை மறந்து வேறெங்கோ போய் இறங்கினேன். அவ்வளவு தூரம் அந்தப் புத்தகம் என்னைப் பிடித்துக்கொண்டது. பசியும் குளிரும் வரும் இடங்களைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். ஏன் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

என்னுடைய கதையை மூன்று கிழமையில் எழுதினேன். ஆட்டுப் பட்டி வைத்திருக்கும் வெள்ளைக்காரர் ஒருவருக்குத் தாயில்லாத மகள், பத்து வயது. ஆற்றங்கரையில் குடிசை. ரொட்டிக்கு மா வாங்கிவரத் தகப்பன் பட்டணத்துக்குப் போன பிறகு மழை பிடிக்கிறது. ஆறு பெருகிக் குடிசைக்குள் வருகிறது. அவளுடைய வயதுப் பூர்வகுடிச் சிறுமி ஒருத்தி அவளைக் கையில் பிடித்து மேட்டுக்கு இழுத்துப் போகிறாள். தடியால் மண்ணைக் கிளறிக் கிழங்கெடுத்து, சாம்பலில் சுட்டு, தோலை ஊதி ஊதி உரித்துக் கொடுக்கிறாள். எந்தப் பழம் தின்னலாம், எதைத் தின்றால் நாக்கு தடிக்கும் என்று காட்டுகிறாள். இரண்டு பேரும் ஒருவர் மொழியில் மற்றவர் பத்துச் சொல் பழகுகிறார்கள். வெள்ளம் வடிந்து தகப்பன் திரும்பி வருகிறார். கடைசிப் பக்கத்தில், “ஒரு நாள் காலையில் அவளும் அவளுடைய ஆட்களும் மேற்கே போய்விட்டார்கள். குடிசைக்காரச் சிறுமி அவளை வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை” என்று எழுதி முடித்தேன். எழுதும்போது எனக்குக் கண்ணீர் வந்தது. நல்ல கதை என்று நினைத்தேன்.

ரீச்சருக்குக் கொடுப்பதற்கு முன் அதை ஒருவருக்குச் சொல்லிக் காட்டவேண்டும் என்று எனக்குப் பட்டது. நான் வேலை செய்வது முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில். மெல்ல முடியாதவர்களுக்கு எல்லாவற்றையும் அரைப்போம். அரைத்த கரட்டை மறுபடியும் கரட் வடிவ அச்சில் ஊற்றித் தட்டில் வைப்போம், பார்க்கக் கரட் மாதிரி இருக்கவேண்டுமே. ஆறு வருடமாக அந்த அச்சுகளை என்னுடன் நிரப்புகிறவள் ஒரு பூர்வகுடிப் பெண். என்னைவிடப் பத்து வயது கூட. முதல் நாள் நான் இயந்திரத்தின் மூடியைப் போடாமல் பொத்தானை அமத்தி, கூரை வரைக்கும் பூசணிக்காய் அடித்தபோது, ஒருவருக்கும் சொல்லாமல் ஏணி கொண்டுவந்து துடைத்தவள் அவள். அன்றைக்குத் தொடங்கிய சிநேகிதம்.

நாங்கள் கதைப்பது ஆங்கிலத்தில். ஆனால் அவள் சொன்னதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் ஊர்த் தமிழில்தான் கேட்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

தேநீர் இடைவேளையில் பின்பக்கப் படியில் இருந்துகொண்டு கதையைச் சொன்னேன். என் ஆங்கிலத்தில் சொல்ல இரண்டு இடைவேளை எடுத்தது. வெள்ளம் வந்த இடத்தில் அவள் தேநீரைக் குடிக்க மறந்தாள். கிழங்கு சுடும் இடத்தில் தலையை ஆட்டினாள். முடிந்ததும் கோப்பையைப் படியில் வைத்தாள்.

“எங்கை போனவை?” என்று கேட்டாள்.

“ஆர்?”

“அந்தப் பெட்டையும் அவளின்ர ஆக்களும்.”

“மேற்கே.”

“மேற்கே எங்கை?”

நான் யோசித்தேன். என் கதையில் மேற்கு என்பது மேற்குத்தான். சூரியன் போகிற பக்கம். “கதையில அதுக்கு மேல இல்லை” என்றேன்.

“ஏன் போனவை? அது அவையின்ர ஆறுதானே?”

அவள் கோபமாகக் கேட்கவில்லை. நாளைக்கு உனக்கு எத்தனை மணிக்கு வேலை என்று கேட்பது மாதிரிக் கேட்டாள். அதுதான் எனக்குக் குழப்பமாக இருந்தது. கோபப்பட்டிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன். உள்ளே மணி அடிக்க, அவள் வலைத்தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, “நல்ல கதை, சிஸ்” என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனாள்.

மூன்று நாள் அந்தக் கடைசிப் பக்கத்தை வைத்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பூர்வகுடிகளைப் பற்றி ஒன்றும் தெரியாது, அதனால்தான் கதை பிழையாய்ப் போய்விட்டது என்று முடிவுகட்டினேன். அவளைக் கேட்டால் எல்லாம் சரிசெய்யலாம். ஞாயிற்றுக்கிழமை பென்ரித் பக்கம் ஆற்றங்கரைக்குப் போவோமா, கதையில் வரும் மரம் செடிகளை எனக்குக் காட்டுகிறாயா என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். “சாப்பாடு நீ கொண்டுவாறதெண்டா வாறன்” என்றாள்.

மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். புளிச்சாதம், முட்டை, கத்தரிக்காய்ப் பொரியல். ஆறு அன்றைக்கு மெதுவாக, பச்சையாகப் போய்க்கொண்டிருந்தது. நான் கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் கரையோரமாக நடந்தேன். அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நடந்தாள். பொறுமை கெட்டு நான்தான் கேட்டேன்.

“இதில எது கிழங்குச் செடி?”

அவள் நின்று திரும்பினாள். “எனக்கு எப்பிடித் தெரியும்?”

“இல்லை, நீங்கள்…”

“நான் மெரிலேண்ட்ஸில வளந்தவள். அங்கை கிழங்கு வேணுமெண்டா லெபனான்காரரின்ர கடைக்குத்தான் போறது.” சிரிக்கத் தொடங்கினாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. “என்ர அம்மாவைச் சின்னனிலயே அரசாங்கத்து ஆக்கள் தாயிட்டையிருந்து பறிச்சுக்கொண்டுபோய் விடுதியில விட்டவை. அங்கை அவவுக்கு வெள்ளைக்காரர் வீட்டில உடுப்புத் தோய்ச்சு அழுத்தத்தான் பழக்கினவை. ஆர் எனக்குக் கிழங்கு காட்டுறது?”

கொப்பியை மூடினேன். மன்னிச்சுக்கொள் என்றேன். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு கல்லில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றிக் காலைத் தண்ணீருக்குள் விட்டாள்.

“நான் கேக்கிறன், உனக்கு எப்பிடித் தெரியும்? தடியால எப்பிடிக் கிளறுறது, தோலை ஊதி உரிக்கிறது, நாக்குத் தடிக்கிற பழம்… இதெல்லாம் ஆர் சொன்னது? புத்தகத்தில படிச்சனியோ?”

இல்லை. நான் ஒரு புத்தகத்திலும் அதைப் படிக்கவில்லை. எழுதும்போது எங்கிருந்து வருகிறது என்று கேட்காமலே எழுதிக்கொண்டு போயிருக்கிறேன். அந்த ஆற்றங்கரையில், மகள் தூரத்தில் வாத்துகளுக்குப் புளிச்சாதம் எறிந்துகொண்டிருக்க, எனக்கு அது விளங்கியது. விளங்கியது என்று சொல்வதும் சரியோ தெரியாது. ஒரு வாசனை முதலில் வந்தது, ஈரச் சாம்பல் வாசனை.

எனக்குப் பத்து வயதில் நாங்கள் சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணத்தை விட்டு, கடலேரியைத் தாண்டி வன்னிக் காட்டுக்குள் போனோம். அப்பா மருந்து வாங்கிவருகிறேன் என்று திரும்பிப் போய், பல நாள் வரவில்லை. அம்மாவும் நானும் ஒரு பிளாஸ்டிக் தறப்பாளைக் கூரையாகக் கட்டி அதற்குக் கீழே இருந்தோம். மழை. பட்டணத்துப் பிள்ளையான எனக்குக் காட்டில் ஒன்றும் தெரியாது. பக்கத்துக் குடியிருப்பில் ஒரு சிறுமி இருந்தாள். அவளுடைய ஆட்கள் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து, அங்கே நடந்த கலவரங்களுக்குத் தப்பி, எங்களுக்கு முன்பே வன்னிக்கு வந்தவர்கள். அவளுடைய தமிழ் எங்களுடையது மாதிரி இல்லை. “இங்க வாங்க, இத தோண்டுங்க” என்று என்னையும் மரியாதையாகத்தான் கூப்பிடுவாள். கவலைக் கிழங்கு கிளறக் காட்டியவள் அவள். எந்தக் காட்டுப் பழம் தின்னலாம், எதைத் தின்றால் நாக்கு தடிக்கும் என்று சொன்னவள் அவள். அந்த மாரிக்கு நாங்கள் இரண்டு பேர் உயிரோடு இருந்தோம் என்றால் பாதி அவளால்தான்.

அம்மா அவளைத் தறப்பாளுக்குள் விடவில்லை. அவள் கிழங்கு கொண்டுவந்தால் வெளியே நின்றபடி கொடுத்துவிட்டுப் போகவேண்டும். தேத்தண்ணி கொடுப்பதென்றால் தேங்காய்ச் சிரட்டையில். காட்டுக்குள் ஒரு பானையும் ஒரு பாயும் மட்டும் மிஞ்சியிருந்த நேரத்திலும் அம்மா அந்த வித்தியாசத்தைக் கைவிடவில்லை. எனக்கு அதில் பிழை ஒன்றும் தெரியவில்லை. நானும் அப்படித்தான் கொடுத்தேன்.

இதை என் சிநேகிதிக்குச் சொன்னேன். ஆங்கிலத்தில் சொல்லுகிறபோது எல்லாம் இன்னும் மொட்டையாக இருந்தது. தேயிலைத் தோட்டம் என்றால் என்ன, சிரட்டை என்றால் என்ன என்று இடையிடையே நிறுத்திச் சொல்லவேண்டியிருந்தது. அவள் காலை ஆட்டாமல் கேட்டாள்.

“அவளின்ர பேர் என்ன?”

எனக்குப் பெயர் வரவில்லை. மறந்துவிட்டது என்று சொல்லத்தான் போனேன். ஆனால் அது பொய். எனக்கு ஒருநாளும் தெரிந்திருக்கவில்லை. தோட்டத்து ஆட்களை எங்கள் ஊரில் இளக்காரமாகச் சொல்கிற மாதிரி, தோட்டக்காட்டுப் பெட்டை என்றுதான் அம்மா சொல்லுவா. நானும் முகத்துக்கு நேரே அப்படித்தான் கூப்பிட்டேன். அவள் அதற்கும் திரும்பிப் பார்த்தாள்.

“பிறகு?”

“அப்பா வந்தார். நாங்கள் வேற இடத்துக்குப் போனம்.”

“அவளுக்குச் சொல்லிப்போட்டுப் போனியா?”

“இல்லை.”

அவள் என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை. பரவாயில்லை, நீ சின்னப் பிள்ளைதானே என்றும் சொல்லவில்லை. காலைத் துடைத்துச் சப்பாத்தைப் போட்டாள். “பசிக்குது” என்றாள். மூன்று பேருமாக இருந்து சாப்பிட்டோம். கத்தரிக்காய்ப் பொரியலை அவள் இரண்டு தரம் கேட்டு வாங்கினாள். நான் என்னுடைய முட்டையை மகளின் தட்டில் வைத்தேன்.

வீட்டுக்கு வந்து கதையை எடுத்துப் பார்த்தால் அதில் யார் யார் என்று எனக்குத் தெரியவில்லை. கதை எழுதும்போது வீட்டை இழந்து காட்டில் நிற்கிற பிள்ளை நான், அதனால் நான் நல்ல பக்கம் என்று நினைத்திருந்தேன். ஆனால் வெள்ளைக்காரச் சிறுமியும் நான்தான். சாப்பாடு வாங்கித் தின்றுவிட்டுப் பெயர் கேட்காதவளும் நான்தான். இப்போது மெரிலேண்ட்ஸில் வாடகைக்கு இருக்கிற வீட்டின் கீழே இருக்கிற மண் யாருடையது என்று கேட்டால், அங்கேயும் என்னுடைய பதில் வாய்க்குள்ளேயே நிற்கிறது. எங்களைத் துரத்தினார்கள், நாங்கள் இங்கே வந்தோம். இங்கே இருந்தவர்களை யாரோ துரத்தினார்கள். இதை எந்தப் பக்கத்திலிருந்து வாசித்தாலும் எனக்குத் தலை சுற்றுகிறது.

கடைசிப் பக்கத்தைத் திருப்பி எழுதினேன். விடியற்காலையில் குதிரைகளில் ஆட்கள் வருகிறார்கள், துவக்குகள் வெடிக்கிற சத்தம் கேட்கிறது, குடிசைக்காரச் சிறுமி வாசலுக்கு ஓடிவருகிறாள். குதிரைகளில் ஒன்று அவளுடைய தகப்பனின் குதிரை. அவள் கூப்பிடப் பார்க்கிறாள். யாரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதென்று அவளுக்குத் தெரியவில்லை.

இரண்டு முடிவையும் வாசித்த ரீச்சர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “நல்லா எழுதியிருக்கிறீங்கள் பிள்ளை. ஆனால் எட்டு வயசுப் பிள்ளையளும் வாசிக்கப்போகுதுகள்.”

“நாங்கள் எட்டு வயசில இதைவிடக் கண்டனாங்கள் ரீச்சர்.”

“ஓம். அதுக்காகத்தானே இஞ்ச வந்தனாங்கள், இதுகள் காணக்கூடாதெண்டு.” அவருடைய குரல் தழைந்தது. “முதல் எழுதின முடிவே இருக்கட்டும். போய்விட்டார்கள் எண்டுறதும் பொய் இல்லைத்தானே.”

நான் மறுத்திருக்கலாம். என் பெயரைப் போடவேண்டாம் என்றாவது சொல்லியிருக்கலாம். ரீச்சரின் மகன் சண்டையில் செத்துப்போனவன் என்பது எனக்குத் தெரியும். மேசையில் இருந்த கண்ணாடியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். “சரி ரீச்சர்” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

புத்தக வெளியீடு லிட்கமில் ஒரு மண்டபத்தில் நடந்தது. குத்துவிளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை. என் கதையை என் மகளே மேடையில் வாசிக்கவேண்டும் என்று ரீச்சர் ஏற்பாடு செய்திருந்தார். நான் என் சிநேகிதியையும் வரச்சொல்லிக் கூப்பிட்டிருந்தேன், பொய் சொல்லவேண்டாமே, வரமாட்டாள் என்று நினைத்துத்தான் கூப்பிட்டேன். அவள் பூப்போட்ட சட்டையும் பெரிய தோடுமாக வந்து என் பக்கத்துக் கதிரையில் இருந்தாள். வாசல் மேசையில் யாரோ அவளுக்குச் சந்தனம் வைத்துவிட்டிருந்தார்கள்.

மகள் வாசிக்கத் தொடங்கினாள். ழகரத்தில் தடுக்கினாலும் நன்றாகத்தான் வாசித்தாள். நான் குனிந்து சிநேகிதியின் காதுக்குள் வசனம் வசனமாக ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு வந்தேன். வெள்ளம். மேடு. கிழங்கு. அவளுக்கு எல்லாம் தெரிந்த கதைதான், ஆனாலும் தலையை ஆட்டினாள். கடைசிப் பக்கம் வந்தது.

“ஒரு நாள் காலையில் அவளும் அவளுடைய ஆட்களும் மேற்கே போய்விட்டார்கள்” என்று மகள் வாசித்தாள்.

என் வாயில் அந்த வசனம் ஆங்கிலத்தில் வரவில்லை. “விடியக் குதிரையில ஆக்கள் வந்தினம்” என்று காதுக்குள் சொன்னேன். “சுட்டவை. துரத்தினவை. அதில ஒருத்தர் வெள்ளைக்காரப் பெட்டையின்ர தகப்பன்.”

மேடையில் மகள் புத்தகத்தை மூடி வணக்கம் சொன்னாள். மண்டபம் முழுக்கக் கைதட்டியது. முன்வரிசையில் ஒரு அங்கிள் எழும்பி நின்றே தட்டினார். சிநேகிதி சுற்றிவரப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“அப்ப ஏன் எல்லாரும் சிரிச்சுக்கொண்டு கை தட்டுகினம்?”

“அவைக்கு நான் வேற முடிவு சொல்லியிருக்கிறன்” என்றேன்.

அவளுடைய முகத்தில் என்ன வந்தது என்று என்னால் இன்றைக்கும் சொல்ல முடியாது. அது சிரிப்புக்குப் பக்கத்தில் இருந்தது, ஆனால் சிரிப்பு இல்லை. அதற்குள் மகள் மேடையிலிருந்து ஓடிவந்துவிட்டாள். அவள் கையை விரித்து மகளைக் கட்டிக்கொண்டு, நல்லாய் வாசிச்சாய் என்று சொன்னாள். பொரித்த ரோல்ஸ் வந்தது. சிநேகிதி நாலு சாப்பிட்டாள். ரீச்சருடன் படம் எடுத்தாள். போகும்போது ஒரு புத்தகம் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள், அவளால் வாசிக்க முடியாத புத்தகத்தை.

அடுத்த சனிக்கிழமை நான் செய்ததைப் பற்றி வீட்டில் ஒருவருக்கும் முன்கூட்டிச் சொல்லவில்லை. மாற்றி எழுதிய முடிவை நூலகத்தில் நாற்பது பிரதி எடுத்து, பாடசாலை வாசலில் நின்று பெற்றோருக்குக் கொடுத்தேன். பிள்ளைகளிடம் கொடுக்கவில்லை. நீங்கள் வாசித்துப் பார்த்து, கொடுக்கலாம் என்றால் கொடுங்கள் என்றேன். சிலர் மடித்துப் பையில் வைத்தார்கள். ஒரு அன்ரி நன்றி சொல்லி, பார்க்காமலே அதில் மகனின் நனைந்த போத்தலைச் சுற்றினார். ரீச்சர் உள்ளேயிருந்து என்னைக் கண்டார். வெளியே வரவில்லை.

தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு தகப்பன், பொறியியலாளர், அங்கேயே கார்க் கதவில் சாய்ந்து நின்று முழுவதும் வாசித்தார். பிறகு என்னிடம் வந்தார்.

“ஒண்ணு கேக்கலாமா? இதுல எது உண்மையான முடிவு?”

“இரண்டும் நான் எழுதினதுதான் அண்ணா. கற்பனைக் கதை.”

“ஆமா, கற்பனைதான். அப்போ முதல்ல எழுதினதையே விட்டுருக்கலாமே? எதுக்கு மாத்துனீங்க?”

நான் பதிலைத் தேடினேன். ஆற்றங்கரை, சிரட்டை, ரீச்சரின் கண்ணாடி எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. அவர் மரியாதையாகக் காத்துக்கொண்டு நின்றார்.

“எனக்குத் தெரியேல்லை அண்ணா” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். “பரவால்லைங்க. நான் பையன்கிட்ட ரெண்டையும் குடுக்குறேன். அவன் என்ன சொல்றான்னு பாக்கலாம்” என்று சொல்லிவிட்டு, தாளை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனார். அவருடைய மகன் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது. அடுத்த பாடசாலைத் தவணையில் அவர்கள் மெல்பேர்னில் பொயிண்ட் குக்கில் வீடு வாங்கிப் போய்விட்டார்கள்.

ரீச்சர் என்னுடன் கதைக்கிறார், ஆனால் கதை எழுதச் சொல்லிக் கேட்பதில்லை. நானும் அவளும் இப்போதும் ஒரே ஷிப்டில்தான் வேலை செய்கிறோம். அந்த மண்டபத்தைப் பற்றி அவள் ஒரு நாளும் திரும்பக் கேட்கவில்லை. என்னில் அவளுக்குக் கோபம் இருந்ததா, இல்லையா, இருந்து போய்விட்டதா என்று கேட்க எனக்குத் துணிவில்லை. போன கிழமை அவள் வேலைக்கு வரும்போது ஒரு சின்னப் பையில் கத்தரிக்காய் கொண்டுவந்தாள். எப்படிப் பொரிக்கிறது என்று சொல்லு, நான் செய்து பார்த்தால் எண்ணெய் குடிக்குது என்றாள். உப்பும் மஞ்சளும் பிரட்டிக் கொஞ்ச நேரம் வைத்துப் பிழிந்துவிட்டுப் போடவேண்டும் என்று சொன்னேன். அவள் அதைக் கையுறைப் பெட்டியின் மூடியைக் கிழித்து அதில் எழுதிக்கொண்டாள்.